அண்ணன் உயரத்தில் ஒரு சைப்ரஸ்

என் நர்சரிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: வாசலில் சைப்ரஸ் வைக்கலாமா, அலங்காரப் புல் வைக்கலாமா? நானும் அலுக்காமல் ஒரே பதிலைச் சொல்வேன். சைப்ரஸ் ஊசியிலை மரம், வருஷம் முழுக்கப் பச்சை, சின்னக் காற்றுக்கெல்லாம் அசைந்து கொடுக்காது. புல் அப்படியில்லை. ஆடும், சலசலக்கும், கதிர் விட்டு முடிந்ததும் காய்ந்து வைக்கோலாய் நிற்கும். தரையோடு தரையாக அறுத்துவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோலத் திரும்ப முளைத்து வரும். இவ்வளவையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு ஒரு ரோஜாச் செடியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

என் அண்ணி வீட்டில் மட்டும் இரண்டும் இருந்தன. கேட்டிலிருந்து கதவு வரைக்கும் நடைபாதை. இடது பக்கம், ஜன்னலுக்கு எதிரே சைப்ரஸ். வலது பக்கம் புல். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நடந்த சண்டையின் சமரசம் அது. எப்போதும் ஒரே மாதிரி நிற்கிற மரம்தான் வேண்டும் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். அசையாத செடிக்கு ஒரு தூணையே நட்டுவிடலாமே என்று அண்ணி கேட்டார். முழங்கால் உயரக் கன்றையும் ஒரு கொத்துப் புல்லையும் கொண்டுபோய்க் கொடுத்து, இருவரிடமும் நல்ல பேர் வாங்கியவன் நான்.

அண்ணி ஒரு ஜவுளிக்கடையின் பின்னறையில் ஆல்டரேஷன் டெய்லர். மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு பல்பு, கழுத்தில் எந்நேரமும் டேப். ரெடிமேட் சட்டை தொளதொளவென்று இருந்தால் பக்கவாட்டில் பிடித்துக் கொடுப்பார், இறுக்கமாக இருந்தால் உள்ளே மடித்த துணியைப் பிரித்து விட்டுக் கொடுப்பார். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோளளவு சொல்லிவிடுவார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அண்ணன் நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் அங்கே போய்ச் சேரவில்லை. சைக்கிள் கிடைக்கவில்லை, உடம்பு கிடைக்கவில்லை, ஒரு தகவலும் கிடைக்கவில்லை. போலீஸ் தேடியது, நான் தேடினேன், பிறகு போலீஸ் ஓய்ந்தது. எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம்தான். செத்திருந்தால் அழுதுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம்.

அண்ணி அழவில்லை. கேட்டைச் சாத்துவதை மட்டும் நிறுத்திவிட்டார். தெரு நாய்கள் உள்ளே வந்து படுத்துக்கொண்டன, ஆடு வந்து புல்லை மேய்ந்தது. சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தி நேரத்தில் புல் சலசலத்தால், வீட்டு ஜன்னலோரம் போட்டிருந்த இன்னொரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிடும். தையல் பாதியில் நிற்க, கேட்டைப் பார்ப்பார். பிறகு மெஷின் திரும்ப ஓடும்.

இதற்கிடையே சைப்ரஸ் வளர்ந்து அண்ணன் உயரத்தைத் தொட்டது. அந்த வருஷம் அண்ணி என்னிடம் பெரிய கத்தரி கேட்டார். கதவு நிலையில் எப்போதோ விளையாட்டாகப் போட்டுவைத்த அண்ணனின் உயரக் கோட்டை டேப்பால் அளந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, அதே உயரத்தில் மரத்தின் தலையைக் கத்தரித்தார். அடுத்த வருஷம் தோள் வந்தது. தையல்காரி கை அல்லவா, தோள் சரிவுகூட அப்படியே வந்தது. புதிதாக வந்த ஒரு கூரியர்காரர் மங்கலான வெளிச்சத்தில் அதனிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனாலும் இருட்டுகிற நேரத்தில் அந்த வீட்டுக்குப் போக எனக்குக் கொஞ்சம் உதறல்தான். மரத்துக்கு முதுகைக் காட்டி நிற்க முடியாது.

வருஷத்துக்கு ஒரு முறை புல்லை அறுப்பார், மரத்தைக் கத்தரிப்பார். ஒவ்வொரு முறையும் இடுப்பில் ஒரு பிடி குறைந்துகொண்டே வந்தது எனக்கு உறைக்கவில்லை.

போன பருவத்தில் வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போய்ப் பார்த்தால் மரத்தின் நெஞ்சிலும் விலாவிலும் பச்சையே இல்லை. பழுப்புக் குச்சிகள், உள்ளே வெறும் இருட்டு. எதிரே, அதே நாளில் அறுத்த புல் முழங்காலுக்கு வந்து ஆடிக்கொண்டிருந்தது.

"புல்லு வந்துடுச்சு, இது ஏன் தம்பி இன்னும் துளிர்க்கல?" என்றார். உரம் போட்டிருக்கிறார், தண்ணீர் விட்டிருக்கிறார், தினமும் காலையில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். குச்சிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தன.

சொல்லாமல் முடியாது. சைப்ரஸுக்குப் பச்சை மேலே ஒரு போர்வைதான், உள்ளே பழைய கட்டை, அந்தக் கட்டை வரைக்கும் வெட்டினால் திரும்பத் துளிர்க்காது என்று சொன்னேன். ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடத்தில் இதை மட்டும் அண்ணிக்குச் சொல்லும் அவசியம் வந்ததில்லை.

அண்ணி கழுத்து டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "உள்ள மடிச்சு வச்ச துணி இருக்கும்னு நெனச்சுட்டேன். வேணும்னா பிரிச்சு விட்டுக்கலாம்னு."

ஏன் இவ்வளவு ஒடுக்கினீர்கள் என்று கேட்டேன்.

"கடைசி வருஷம் அவரு இப்படித்தான் இருந்தாரு. சட்டை தொளதொளங்குதுன்னு வந்து நிப்பாரு. பிடிச்சுக் குடுப்பேன். ரெண்டு மாசத்துல திரும்ப வருவாரு, திரும்பப் பிடிச்சுக் குடுப்பேன்." டேப்பை விரலிலிருந்து அவிழ்த்தார். "ஏன் இப்படி இளைச்சுப் போறீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல தம்பி. தையல் நேரா வந்திருக்கான்னுதான் பாத்தேன்."

நான் அவருடைய கூடப்பிறந்தவன். அவர் இளைத்ததை நான் பார்க்கவேயில்லை. அண்ணி பிடித்துக் கொடுத்த சட்டை அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

மரம் பட்டுக்கொண்டே வருகிறது, எடுத்துவிடலாம் என்றேன். இருக்கட்டும் என்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அது அங்கேயே நின்றது, மார்பில் ஒரு பொந்தோடு. ஜன்னலுக்கு நேரே அந்தப் பொந்து. அண்ணி சரியாகச் சாப்பிடவில்லை. கடைக்கு லீவு போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். கன்னம் ஒட்டிப்போனது. அந்த மரத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தரைக் கொண்டுபோனது போதாதா என்று அதனிடமே கேட்டிருக்கிறேன், பக்கத்தில் யாரும் இல்லாதபோது.

ஒரு காலையில் அண்ணியே வந்தார். தன் ஜாக்கெட்டே தொளதொளவென்று இருந்ததாம். பிடித்துத் தைக்க மெஷினில் உட்கார்ந்தவருக்குக் கை ஓடவில்லையாம். "ஆள் அனுப்பி அதை எடுத்துடுங்க. அந்த இடத்துல புல்லே வச்சுடலாம்" என்றார்.

என் ஆட்களை அனுப்பி வேரோடு எடுத்தேன். வலது பக்கப் புல்லிலிருந்தே கொத்துப் பிரித்து அங்கே நட்டார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. விட்டது தொல்லை என்று நினைத்துக்கொண்டு மறுநாள் வேலை முடிந்து அந்தப் பக்கம் போனேன். பொழுது சாய்ந்திருந்தது.

கேட் திறந்தே கிடந்தது. புல் சலசலத்தது. மரம் இருந்த இடத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அண்ணனின் நீலச் சட்டை நின்றது.

"அண்ணே" என்று கூப்பிட்டுவிட்டேன். நானாகக் கூப்பிடவில்லை, வாய் கூப்பிட்டுவிட்டது. ஓரடி முன்னால் போனேன். திட்டுவதற்கு இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட அப்போது நினைவில் இல்லை. வந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

சட்டை திரும்பியது. புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு, கையில் பூவாளியோடு அண்ணி. சேறு படாமலிருக்கப் போட்டிருந்தார். பக்கவாட்டுத் தையலெல்லாம் பிரித்து விட்டிருந்தது. சட்டை பழைய அகலத்துக்கு வந்திருந்தது.

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ சாயங்காலங்களில் அந்த ஜன்னலில் நான் பார்த்த அண்ணியின் முகம்தான் அப்போது எனக்கு இருந்திருக்க வேண்டும். பூவாளியைக் கீழே வைத்தார்.

"அவரு இனி வரமாட்டாரு தம்பி" என்றார். "கேட்டைச் சாத்திட்டு உள்ள வாங்க."

திரும்பிப் போய்க் கேட்டைப் பிடித்தேன். துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் தள்ள வேண்டியிருந்தது. தெருவை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் என்னால் தள்ள முடிந்தது.