மலையில் அவிழ்த்த துணி

அமெரிக்காவில் லகோட்டா பழங்குடி மக்கள் வேண்டிக்கொண்டு மரத்தில் கட்டியிருந்த ஒரு துணியை அவிழ்த்து என் ஷூவைக் கட்டிக்கொண்டேன். தெரியாமல் செய்யவில்லை. துணிகளைத் தொடக் கூடாது என்ற பலகையைப் படித்துவிட்டுத்தான் செய்தேன். பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்.

அங்கே வேலை பார்க்கும் மகள் பிளாக் ஹில்ஸ் மலைகளுக்குக் கூட்டிப்போனாள். அவற்றின் ஓரத்தில் தனியாக ஒரு குன்று, லகோட்டாக்களுக்குப் புனிதமானது. வழியெல்லாம் கிளைகளில் வண்ணத் துணிகள்.

ஷூ புதிது. வெளிநாடு போகும்போது போடலாம் என்று சேலையூர் வீட்டுப் பரணில் ஒன்பது வருடம் பெட்டியோடு வைத்திருந்தேன். பாதி ஏற்றத்தில் அடிப்பாகம் பிரிந்து வாயைத் திறந்தது. மகள் முன்னால் போய்விட்டாள். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு மஞ்சள் துணி. அதன் முடிச்சுக்குள் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலை இருந்தது. உதறிவிட்டேன்.

இறங்கியதும் மகள் பார்த்தாள்.

"என்னப்பா இது கால்ல?"

"சோல் விட்டுடுச்சு."

"துணி ஏது?"

மேலே மரத்தைக் கை காட்டினேன்.

"நான் பொறக்கணும்னு அம்மா கோயில் மரத்துல தொட்டில் கட்டினாங்களே, அதை எவனாவது அவுத்து செருப்புல கட்டியிருந்தா நீங்க சும்மா விட்டிருப்பீங்களா?"

அந்தத் தொட்டிலைக் கட்டும்போது கிளையை வளைத்துப் பிடித்தவனே நான்தான்.

மறுநாள் எனக்கு விமானம். தபாலில் அனுப்பிவிடு என்று துணியை அவளிடம் நீட்டினேன். "எடுத்தது நீங்க, நீங்களே அனுப்புங்க" என்றாள்.

தாம்பரம் தபால் நிலையத்தில், "பழைய துணியையா சார் அமெரிக்காவுக்கு அனுப்புறீங்க? அங்க துணி இல்லையாமா?" என்று கேட்டார்கள். அந்தக் குன்றைப் பராமரிக்கும் அலுவலகத்திடம் மன்னிப்புக் கேட்டு, அதே மரத்தில் கட்டிவிடும்படி எழுதி, மரம் இருக்கும் இடத்துக்கு வரைபடமும் வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் அங்கே பணிபுரியும் லகோட்டாப் பெண். "கட்டியவர் யாரென்று தெரியாது. அவருக்குப் பதிலாக நான் கட்டவும் முடியாது, உங்களை மன்னிக்கவும் முடியாது. துணியை மலையிலேயே சேர்த்துவிட்டேன். உங்கள் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் நடந்ததைச் சொல்லுங்கள்" என்றிருந்தது. வரைபடம் நன்றாக இருந்ததாம்.

பூங்காவில் என்னோடு காலையில் நடக்கும் மூவருக்கும் பிள்ளைகள் அமெரிக்காவில்தான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன்.

"துணிதானே சார், இதுக்குப் போய் ஏன் பேஜார்?" என்றார் ஒருவர்.

"மே மாசம் நாங்க போறோம். அங்க பார்க்கிங் ஃப்ரீயா?" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவரின் மனைவிக்கு அப்போது புற்றுநோய்ச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது.

"யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கட்டினாங்களோ சார்" என்றார்.

மறுநாளிலிருந்து அவர் எங்களோடு வருவதில்லை. அதே பூங்காவில் எதிர்த் திசையில் நடக்கிறார். சுற்றுக்கு இரண்டு முறை நேருக்கு நேர் வருகிறோம்.