உட்காரக் கூடாத நாற்காலிகள்

நின்றுகொண்டே சம்பளம் வாங்கும் உத்தியோகங்களில் அரண்மனைக் காவலும் ஒன்று. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் புடவை விரித்துக் காட்டுகிறவர்களுக்கும் கடலூர் ரோட்டு பஸ் கண்டக்டர்களுக்கும் என் கால்வலியை விளக்க வேண்டியதில்லை. அப்பாவின் பிரெஞ்சுக் குடியுரிமையால் எழுபதுகளில் கிருமாம்பாக்கத்திலிருந்து பிரான்ஸ் போன எனக்கு, பாரிசுக்கு வெளியே ஒரு பழைய அரண்மனையில் வேலை கிடைத்தது. ராஜாவின் படுக்கையறையும் அதை ஒட்டிய கூடமும் என் பொறுப்பு.

சட்டம்

கூடத்தில் தங்க முலாம் பூசிய நாற்காலிகள் வரிசையாக இருந்தன. அவற்றில் யாரும் உட்காரக் கூடாது. காவலர்களுக்கு வேறு நாற்காலியும் கிடையாது. முதல் வாரம் ஒருநாள் கதவோரம் சாய்ந்துவிட்டேன். அடுத்த அறைக் காவலர் மார்செல், தலை நரைத்தவர், வந்து என் தோளை நிமிர்த்தினார்.

"ராஜா எதிரில் யாரும் உட்காரக் கூடாது என்பது சட்டம். ராஜாவை அனுப்பிவிட்டார்கள், சட்டத்தை அனுப்ப மறந்துவிட்டார்கள்."

மண்டிக்காரர்

வில்லியனூரில் அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர், மகனைப் பார்க்க வந்த இடத்தில் அரண்மனைக்கும் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் "நம்மூரா?" என்றார். கண்ணாடிகள், சரவிளக்கு, மேற்கூரைச் சித்திரம் எல்லாம் காட்டினேன். அவர் மேலே பார்க்கவில்லை. சுவரோரமாகவே நடந்து, குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஈரம் இல்லப்பா, நல்ல காத்தோட்டம். ஆனா இத்தினி படிக்கட்ட வெச்சிக்கினு மூட்டைய எப்பிடி ஏத்துவ?"

மாமா

எனக்குக் கல்யாணமாகியிருந்தது. சரோஜா ஒதியம்பட்டில் அப்பா வீட்டில் இருந்தாள். மாப்பிள்ளை இருக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பெண்ணை அனுப்புவேன் என்று மாமா சொல்லிவிட்டார். கரும்பு வெட்டு முடிந்ததும் கிளம்பி வந்தார். என் ஒற்றை அறையைப் பார்த்தார். மறுநாள் அரண்மனைக்கு அழைத்துப் போனேன். நாற்காலிகளை ஒரு பார்வை பார்த்தார்.

"நீங்க எங்க உக்காருவீங்க?"

"உட்காரக் கூடாது மாமா."

"சாயங்காலம் வரிக்குமா?"

தலையாட்டினேன். ஊருக்குத் திரும்பி சரோஜாவிடம் என்ன சொல்வார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது.

"இந்த எடத்துக்குப் பெரியவர் யாரு மாப்ள?"

எலுமிச்சம்பழம்

மாலையில் பூட்டுவதற்கு முன் மேற்பார்வை அம்மாள் சுற்றி வந்தார். ராஜாவின் கட்டிலைச் சுற்றிய கயிற்றுக்கு அப்பால், முக்காலி மேல் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. ஒதியம்பட்டுத் தோட்டத்துப் பழம். வேலை போயிற்று என்று நினைத்தேன். என் மாமனார் வைத்திருப்பார், எங்கள் பக்கத்தில் பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகமாட்டோம் என்று சொன்னேன். அவர் பழத்தை முகர்ந்து பார்த்து என் கையில் கொடுத்தார்.

"ராஜா வீட்டில் இல்லை என்று உங்கள் மாமனாரிடம் சொல்லிவிடுங்கள்."

ரயில்நிலையம்

வெளியே மாமா காத்திருந்தார். ரயில்நிலையம் போகும் வழியில் பழத்தைக் காட்டிக் கேட்டேன்.

"பெரியவர் யாரும் கண்ணுல படல. அவுரு எடத்துலயாச்சும் வெச்சிட்டு வருவம்னு வெச்சேன். புள்ளைக்கு ஒரு நாற்காலி போடுங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

ரயில் வந்தது. ஓர் இருக்கைதான் காலியாக இருந்தது. என்னை அதில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்து நின்றார்.

"நாளெல்லாம் நிக்கிறீங்க. வூட்டுக்கு வந்தா உக்காருங்கன்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல. அனுப்பி வெக்கறேன்."

ஓய்வு பெற்று கிருமாம்பாக்கம் திரும்பி இத்தனை காலமாகியும், கல்யாண மண்டபத்தில் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டேதான் இருக்கிறேன், சரோஜா வந்து சொல்லும்வரை.