பூண்டி ரோட்டில் வெசாக்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கொடைக்கானல் மலையில் பூண்டிக்குப் போகிற ரோட்டோரம் நாங்கள் குடியேறியபோது எனக்கு ஏழு வயது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாட்டில் மரத்தில் பட்டை உரிக்கும் வேலை. இங்கே எங்களைச் 'சிலோன்காரங்க' என்றார்கள். அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரங்க' என்றிருந்தார்கள்.

வந்த மூன்றாம் வருடம், வைகாசிப் பௌர்ணமிக்கு நான்கு நாள் இருக்கையில், தன்சல் வைக்கப் போவதாக அம்மா சொன்னாள். புத்தர் பிறந்த நாள், ஞானம் பெற்ற நாள், மறைந்த நாள் எல்லாம் அந்தப் பௌர்ணமிதான் என்று சிங்களவர்கள் அதை வெசாக் என்று கொண்டாடுவார்கள். வெள்ளை உடுத்தி விகாரைக்குப் போவார்கள். வாசல்தோறும் காகிதக் கூடுகளுக்குள் விளக்கு எரியும். ரோட்டில் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சோறும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். அந்தப் பந்தல்தான் தன்சல். தோட்டத்துப் பிள்ளைகள் நாங்கள் ஒரு தன்சலில் வாயைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தன்சலில் பட்டினி முகத்தோடு போய் நிற்போம்.

அப்பா உரித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்கைக் கீழே வைத்தார். "அடிச்சுத் தொரத்துனவங்க சாமிக்கு நீ வெளக்கு ஏத்தப் போறியா?"

"நான் ஏத்துறது தொரத்துனவங்களுக்கு இல்ல" என்றாள் அம்மா.

அதன்பிறகு நான்கு நாளும் அவர்களுக்குள் பேச்சு இல்லை. அம்மாவே மூங்கிலைச் சீவிக் கூடு கட்டினாள். மைதாப் பசையில் கலர்த்தாள் ஒட்டினாள். எட்டு மூலையாக வரவேண்டிய கூடு பலாக்காய் போல வந்தது. தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கூடு கட்டித் தந்தவர் அப்பா. இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பீடி குடித்தார்.

பௌர்ணமியன்று நாலு மணிக்கே மஞ்சு இறங்கி ரோட்டை மறைத்துவிட்டது. ரோட்டு வளைவில் மூன்று கல் வைத்து, இஞ்சியும் கருப்பட்டியும் போட்ட தேத்தண்ணி கொதித்தது. பக்கத்தில் உப்பும் மிளகாயும் புரட்டிய உருளைக்கிழங்கு. தம்ளர் கழுவுவது என் சோலி.

முதலில் பூண்டு மூட்டையோடு ஒருவர் வந்தார்.

"என்னக்கா, வேண்டுதலா?"

"ஆமாங்க. புத்தருக்கு."

"அது எந்தூருச் சாமி?"

"இந்தத் தேசத்துச் சாமிதாங்க. அங்க போயிக் குடியேறிட்டாரு."

அவர் தம்ளரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். "சும்மா யாராச்சும் குடுப்பாகளா? எலெக்சன் கிலெக்சன் வருதா?" என்று கேட்டுவிட்டு, குடிக்காமலே நடந்தார். அடுத்து வந்த இரண்டு பெண்கள் கிழங்கை மோந்து பார்த்துத் திரும்ப வைத்தார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வருவது தெரிந்ததும் நான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். "சிலோன்காரங்க கடை போட்ருக்காகடி" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

இருட்டுகிற நேரத்தில், அம்மா கூட்டை மரத்தில் தொங்கவிட்டு விளக்கேற்றியதும், பூண்டி பஸ் வந்தது. மஞ்சுக்குள் ஏதோ வெளிச்சம் தொங்குவதைக் கண்டு டிரைவர் பிரேக் போட்டார். "ஏலே, யாரது ரோட்ல?"

அம்மா தம்ளரோடு ஓடினாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கய்யா. காசு வேணாம்."

அவர் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். இஞ்சினை அணைத்துவிட்டுப் பின்னால் திரும்பினார். "எல்லாரும் எறங்குங்க. குடிச்சிட்டு வெரசா ஏறணும்!"

கைப்பிள்ளைகளும் கோழிகளுமாகப் பஸ்ஸே இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பானை காலி. இன்னும் பாதிப் பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அம்மா பானையையே பார்த்தாள்.

அப்போது அப்பா வந்தார். தலையில் தண்ணீர்க் குடம், கக்கத்தில் விறகு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. குடத்தைப் பானையில் கவிழ்த்துவிட்டு அடுப்பை ஊதினார். கொதி வந்ததும், "குடிங்க, குடிங்க, வயிறு நெறையக் குடிங்க!" என்று கூவிக் கூவிக் கொடுத்தார். கப்பலேறிய பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"அடுத்த வருசமும் உண்டுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் டிரைவர் வண்டியை எடுத்தார்.

பஸ் போனதும் அப்பா கடைசித் தம்ளரோடு கல்லில் உட்கார்ந்தார். "அந்த அம்மா உசுரோட இருக்குமா?"

"இருக்கும். இந்நேரம் வெள்ளச் சீலை கட்டி விகாரைக்குப் போயிருக்கும்."

யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. கப்பலேறுவதற்கு முந்தின வருடம் ஒரு சிங்கள அம்மாவின் வீட்டில் மூன்று நாள் தங்கினோம். விருந்துக்குப் போயிருக்கிறோம் என்றே நான் நினைத்தேன். பாற்சோறு கொடுத்தாள். ஆனால் விளையாட வாசலுக்கு ஓடிய என்னை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, மூச்சு முட்டும்படி வாயைப் பொத்தினாள்.

"என் வாயப் பொத்துனாளே, அவளா? எனக்கு அவளப் புடிக்காது" என்றேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. தன் தேத்தண்ணியில் பாதியை என் தம்ளரில் ஊற்றினார்.

நான் வளர்ந்து பெரியவளான பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னாள். அன்று அந்தக் கதவுக்கு வெளியே தமிழர்களைத் தேடிக் கம்பும் கத்தியுமாக நின்ற கூட்டத்தில் அந்த அம்மாவின் மகனும் இருந்தான். ஒரு கையால் என் வாயைப் பொத்தியபடி, உள்ளே யாரும் இல்லை என்று அவள் தன் மகனுக்குப் பதில் சொல்லியிருக்கிறாள்.

பூண்டி ரோட்டில் நின்ற எனக்கு, அந்தக் கை அழுத்திய வலி மட்டும்தான் தெரிந்திருந்தது.