ஆடுகிற பீமும் அட்ஜஸ்ட்டும்

ஓசூர் மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் நான் தமிழில் டீ கேட்பேன்; கடைக்காரர் அதைத் தெலுங்கில் உள்ளே சொல்லிவிட்டு, சர்க்கரை வேண்டுமா என்று என்னிடம் கன்னடத்தில் கேட்பார். திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் வேடிக்கையாக இருந்தது. மூன்று மொழிக்கும் பொதுச்சொல் ஒன்று உண்டென்று பிறகுதான் தெரிந்தது: அட்ஜஸ்ட். சாம்பாரில் உப்பில்லையா, குழாயில் தண்ணீர் இல்லையா, அட்ஜஸ்ட். ஊரில் நாமும் சொல்வோம்தான். ஆனால் ஊரில் இருந்துகொண்டு ஓசூர் வேலை என்று ஏங்கிப் பெருமூச்சு விடுகிறீர்களே, இங்கே அதை வைத்துத் தொழிற்சாலையே ஓட்டுகிறார்கள்.

எங்கள் கம்பெனியில் ஒயரின் மேலுறை சூட்டைத் தாங்குவதற்காக அதன்மீது எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சுவோம். எங்கள் வாயில் அது பீம். லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற நீளமான மெஷினிலிருந்து வரும் அந்த பீம் ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் உறை ஓரிடத்தில் நொறுங்கும், ஓரிடத்தில் சூட்டுக்கு இளகும். பக்கத்து ஷெட்டில் ஃபர்னஸ் போட்டால் எங்களுக்கு வோல்டேஜ் இறங்கும், பீம் ஆடும், வரம்பு மீறியதும் மெஷின் தானே நின்றுவிடும். மெஷினுக்கு இருந்த அந்த நல்ல புத்தி மேனேஜர் மஞ்சுநாத்துக்குப் பிடிக்கவில்லை.

"லிமிட் ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்ரீ" என்றார் கன்னடத்தில்; வரம்பைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்ய வேண்டுமாம். ட்ரெயினியான என்னை நிரந்தரமாக்குவது அவர் கையில். வரம்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. சரிசெய்யச் சொல்கிறார் என்று நம்பி இறுக்கிவிட்டேன். அன்று மெஷின் ஓடியதைவிட நின்றதே அதிகம்.

"என்னங்க சார் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று தலையிலடித்துக்கொண்டார் ராயக்கோட்டைக்காரரான ஆப்பரேட்டர் முருகேசன். "அவரு இன்னும் தளர்த்தச் சொன்னாருங்க. பீம் ஆடுனா ஆடட்டும், கண்டுக்காதீங்க."

"ஒயர் கெட்டுப்போகுமே?"

"வாங்கறவங்க அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க, உடுங்க."

நான் மறுத்தேன். மஞ்சுநாத்தே வந்து தளர்த்தினார். என் நிரந்தரம் தள்ளிப்போனது. தரத்துக்கென்று எங்கேயோ ஒரு கேடயம் வாங்கி, பல்லைக் காட்டிப் படமும் எடுத்துக்கொண்டார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

பொங்கலுக்கு, கம்பெனிச் சட்டையோடே ஊருக்குப் போனேன். தங்கையின் புது வீட்டில் வெள்ளையடித்து முடித்திருந்தார்கள். அவள் கணவர் சுவரைத் தட்டிக் காட்டினார். "கடைக்காரன் வேற ஒயரு தந்தான் மச்சான். ஒங்க கம்பெனி ஒயருதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு வாங்குனேன்."

எப்போது வாங்கினார் என்று கேட்டேன். போன மாதமாம். வரம்பைத் தளர்த்திய பிறகு வந்த சரக்கு. வெளியே சொன்னால் ஓசூரில் வேலை இருக்காது. சொல்லாவிட்டால் இந்தச் சுவருக்குள் என்ன நடக்குமோ!

"செவத்த ஒடைக்கணும் மாப்ள. ஒயரு சரியில்ல."

சுத்தியலை நானே எடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப்பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.