இன்வெர்ட்டர் இல்லாத பக்கம்

செஞ்சியில் ஒரு பல்கலைக்கழகம் புதிதாகத் திறந்திருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு இன்று சோதனைக்கு ஆளாகப் போனேன். மனிதர்கள் எப்படிப் பயப்படுகிறார்கள் என்று ஆராய்கிறார்களாம்.

சத்தம் வெளியே போகாத அறை. உள்பக்கம் கைப்பிடி இல்லாத, கரண்டில் திறக்கும் கதவு. எதிரே பெரிய கண்ணாடி.

என் விரலில் ஒயரை மாட்டிவிட்ட ஆய்வாளர், "முடியலன்னா பெல்ல அழுத்துங்க பிரதர், உடனே திறந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. பெல்லை அழுத்தினேன், அடிக்கவில்லை.

அறை இருண்டதும், அதுவரை என் முகத்தைக் காட்டிய கண்ணாடிக்குப் பின்னால் ஆய்வாளர்கள் தெரிந்தார்கள். அங்கே லைட் எரிந்தது. டீ குடித்தபடி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடியைக் குத்தினேன், கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. மூச்சு முட்டியது. இப்படியே செத்துவிடுவேன் என்று நினைத்தேன்.

கரண்ட் வந்த பிறகுதான் கதவு திறந்தது.

"எங்க பக்கம் இன்வெர்ட்டர் இருக்குது பிரதர், கரண்ட் போனதே தெரியல. உங்க கிராஃப் ஏறிச்சு. டெஸ்ட் நல்லா போகுதுன்னு இருந்துட்டோம்."

"கதவுக்கும் பெல்லுக்கும் இன்வெர்ட்டர் இல்லையா?"

"கேட்டோம், யுனிவர்சிட்டில தரல."

அடுத்த ஆளாக உட்கார்ந்திருந்த வல்லத்துக் கலா அக்கா கேட்டார். "இன்னாடா, உள்ள இன்னா பண்ணாங்க?"

"வாக்கா, பஸ்ஸுக்குப் போலாம்."

நாளை அவலூர்பேட்டை ஆட்களை வரச்சொல்லியிருக்கிறார்களாம். நாளைக்குச் செஞ்சியில் கரண்ட் இருக்குமா? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.