துண்டுக்குள் இரண்டு விரல்

மாட்டுத் தரகில் வாய் பாதி வேலைதான் செய்யும். மீதியை வலது கை செய்ய வேண்டும், அதுவும் துண்டுக்குள்ளே.

எனக்கு அந்த வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்தான். நடுவில் இருந்த மூன்றையும் பத்தொன்பது வயதில் சோளத்தட்டை வெட்டும் மெஷின் எடுத்துக்கொண்டது. தென்காசிப் பக்கத்துச் சந்தை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மாட்டு விலையை நாங்கள் நாலு பேர் காதில் விழும்படி சொல்வதில்லை. வலது கையோடு வலது கை கோத்து, மேலே துண்டைப் போட்டு, எதிராளியின் விரலைப் பிடித்து விலை சொல்வோம். ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இரண்டு பேருக்கும் தெரியும். எத்தனை என்பதைத்தான் விரல் சொல்லும். நான் எதிராளியின் விரலைப் பிடித்து என் விலையைச் சொல்லிவிடலாம். அவர் பதில் சொல்ல என் கையில் விரல் வேண்டுமே?

கையோ காலோ கண்ணோ ஏதோ ஒன்று குறைந்து, அதைவிட மோசமாக ஊர் வாயில் அகப்பட்டுக்கொண்ட என் கூட்டாளிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இருந்த வெறி ஒன்றே ஒன்று. சந்தையின் பெரிய ஆட்கள் தாங்களாகத் தேடிவந்து என் துண்டுக்குள் கை விட வேண்டும்.

முதல் நாள்

ஏழு வருஷம் மற்றத் தரகர்களுக்கு மாட்டுக் கயிறு பிடித்தேன். பல் பார்க்கவும் சுழி பார்க்கவும் அங்கேயே நின்று கற்றுக்கொண்டேன். எட்டாவது வருஷம் புதுத்துண்டு ஒன்று வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, நானும் தரகன் என்று போய் நின்றேன். எதிரில் வந்தவர் கீழப்பாவூர் வேலாயுதம் அண்ணாச்சி. வயலும் வரப்புமாக வசதியான மனுஷன், பிள்ளைகள் இரண்டும் போலீசில். அவர் ஜோடிக் காளை கொண்டுவந்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும்.

பதற்றத்தில் விரல் முழுசாக இருக்கிற இடது கையை நீட்டிவிட்டேன். பேரத்துக்கு இடது கை நீட்டுவதும் செருப்பைக் காட்டுவதும் எங்கள் தொழிலில் ஒன்றுதான். சுற்றி நின்றவர்கள் ஊ என்றார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்போ வலதைத் தாறேன், பிடிக்கீரா?" என்று அந்தக் கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அண்ணாச்சி கையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"ஏலே இசக்கி, விரலே இல்லாதவன்ட்ட நான் எதைப் பிடிச்சு விலை சொல்ல? போயி கயித்தைப் பிடி."

மூன்று சேலை

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் துண்டைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். என் மனைவி செல்வி அதை எடுத்து உதறி, என் கை மேலேயே போட்டு, உள்ளே தன் கையை விட்டாள். விரல் போனாலும் அது முளைத்திருந்த மூட்டு அங்கேதான் இருக்கிறது. அவள் ஒவ்வொன்றாக அமுக்க அமுக்க, எந்த விரலைக் கேட்கிறாள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், விரல் இருந்த காலத்தில்கூட அவ்வளவு சுருக்காகத் தெரிந்ததில்லை.

ஒரு மாதம் வீட்டில் இதே பயிற்சி. மீனா கறியா, சினிமாவா அருவியா என்று எல்லாமே துண்டுக்குள்தான் முடிவாகும். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு எத்தனை சேலை என்ற பேரத்தில் அவள் மூன்று மூட்டுகளை அமுக்கினாள். எனக்குப் புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இதோ சுட்டுவிரலு, இது நடுவிரலு, இது மோதிரவிரலு. மூணு சேலை. இல்லாத விரலுன்னு சாக்குச் சொல்லுத வேலை எங்கிட்ட வேண்டாம்."

நாலில் ஒன்று

திருவேங்கடம் பக்கத்திலிருந்து ஒரு பசு வந்தது. நல்ல கறவை, ஆனால் நாலு காம்பில் ஒன்று அடைத்துப்போனது. எந்தத் தரகரும் தொடவில்லை. எனக்கு வேறு மாடு கொடுப்பாரும் இல்லை, அதையே பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பேச்சியக்கா வந்தாள். குற்றாலத்தில் டீக்கடை வைத்திருக்கிறவள். சாரல் விழுந்தால் கூட்டம் வந்துவிடும், அதற்கு முன்னால் சொந்தப் பால் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தாள். காம்பு விஷயத்தை நானே முதலில் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. "ஊனமுள்ள மாட்டை வாங்கி நான் என்னய்யா செய்ய?" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். செம்பை வாங்கிக் குத்தவைத்து உட்கார்ந்தேன். இடது கையில் ஒரு காம்பு. வலது கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இன்னொன்று. நுரை பொங்கிச் செம்பு வழிந்து மண்ணில் விழுந்தது. "இப்போ சொல்லு, மாட்டுக்கா ஊனம், எனக்கா ஊனம்?" என்று கத்தினேன். பேச்சியக்கா என் தோளில் கிடந்த துண்டை உருவினாள். பெண்கள் துண்டுக்குள் கை விடுவது எங்கள் சந்தையில் வழக்கமில்லை. அவள் விட்டாள். விரல் மூட்டுகளை எப்படி அமுக்க வேண்டும் என்று ஒரு தடவைதான் சொன்னேன். என் முதல் வியாபாரம் அது.

"மாடும் தரகனும் ஒரே மாதிரிதான் இருக்கீக. ரெண்டையும் நம்புதேன், கயித்தை அவுத்துக் குடு."

ஏற்றிக் கேட்டது

மாற்றுத்திறனாளி அட்டைக்காக ஒரு முகாமுக்குப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். என் கையை மடக்கி நிமிர்த்திப் பார்த்து, ஊனம் இத்தனை சதவீதம் என்று எழுதினாள். "என்னம்மா, இவ்வளவு கம்மியா?" என்று ஆரம்பித்துவிட்டேன். விரல் மூன்று போனது, மழைக்காலத்தில் குடைவது, சட்டைப் பொத்தான் போடத் திணறுவது என்று அடுக்கினேன். சந்தையில் இதே கையை வைத்துக்கொண்டு ஒரு குறையும் இல்லை என்று வருஷக் கணக்காக அடித்துப் பேசியவன் நான்! பழக்க தோஷத்தில் தோள் துண்டை எடுத்து அந்தப் பெண் கையில் போடவே போய்விட்டேன். அட்டை கிடைத்தது. ஏற்றிக் கேட்டது கிடைக்கவில்லை. அதற்கு டாக்டரம்மா சொன்ன காரணம்:

"அண்ணாச்சி, நீங்க பேசுத பேச்சுக்கு நியாயப்படி இன்னும் ரெண்டு சதவீதம் குறைச்சிருக்கணும்."

கூடுதல் நோட்டு

செங்கோட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மலையாளத்துக்காரர் கறவை மாடு வாங்க வந்தார். பேரம் முடிந்து பணமும் கைமாறிய பிறகு, என் கையை ஒரு மாதிரி பார்த்து, "பாவம்" என்று சொல்லி ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைச் சட்டைப் பையில் செருகினார். அதை உருவி அவர் பையிலேயே திணித்தேன். "யாருவே பாவம்? நீரு குடுத்த விலையில ஏற்கனவே ரெண்டாயிரம் கூட வாங்கியாச்சு, தெரியுமா?" என்றேன். கோபத்தில் தொழில் ரகசியம் வெளியே வந்துவிட்டது. மனுஷன் மாட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அய்யோ சேட்டா, அப்போ பாவம் ஞானோ?"

அசையாத துண்டு

எங்கள் சந்தையில் முப்பிடாதி என்று ஒரு தரகன். பத்து விரலும் உள்ளவன். அவனுடைய உண்மையான தொழில் கண்ணில் இருக்கிறது. துண்டு எங்கே புடைக்கிறது, முழங்கை எப்படித் திரும்புகிறது என்று தள்ளி நின்றே பார்த்து உள்ளே நடக்கிற பேரத்தைப் படித்துவிடுவான். படித்ததை அடுத்த வியாபாரி காதில் போடுவான். அவர் அந்த விலைக்கு மேல் ஏற மாட்டார். இப்படி அடுத்தடுத்து இரண்டு வாரம் விலை வெளியே தெரிந்து, வேலாயுதம் அண்ணாச்சி காளைகளைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனார்.

மூன்றாவது வாரம் அவர் நேராக என் முன்னால் வந்து நின்றார். தன் துண்டையே எடுத்து என் வலது கையில் போட்டு, உள்ளே கையை விட்டார். சந்தை மொத்தமும் பார்க்கிறது. எந்த மூட்டு எந்த விரல் என்று மெதுவாகச் சொன்னேன். வலிக்குமோ என்று பூப்போலத் தொட்டார். "அமுக்கும் அண்ணாச்சி! மாடு விக்க வந்தீரா, மருந்து தடவ வந்தீரா?" என்று அதட்டினேன். அமுக்கினார். அவர் கேட்ட விலை எனக்கு வந்து சேர்ந்தது.

அதே மாதிரி வாங்குகிறவரிடமும் கை கோத்தேன். அவர் விரலை நானும் பிடிக்காமல் மூட்டைத்தான் அமுக்கினேன். மூட்டுக்கு மூட்டுதான் பேச்சு, நீட்டி மடக்க விரல் ஏது? துண்டு கொடியில் காயப் போட்டது போல அசையாமல் கிடந்தது. முப்பிடாதி குனிந்தும் பார்த்தான், சுற்றியும் வந்தான். "ஏ இசக்கி, உள்ள பேச்சு நடக்கா, தூங்குதீகளா?" என்று கேட்டே விட்டான். நான் திரும்பவே இல்லை. அண்ணாச்சி கேட்ட விலைக்கு ஒரு மூட்டுக் குறையாமல் முடித்துக் கயிற்றை மாற்றிக் கொடுத்தேன். அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"லே இசக்கி, அடுத்த வாரம் அந்த இடது கையை வீட்டுல வச்சிட்டு வந்தாலும் சரி, இந்தக் கையை மறக்காமக் கொண்டாந்துரு."

ஆக, விரல் மூன்று போனதால் இந்தத் தொழிலில் எனக்குக் குறைந்தது ஒன்றே ஒன்றுதான், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிற நேரம்.