மேட்டைக் கும்பிட்டவர்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் ஹோட்டல் ஒன்றில் என்னோடு ஒரு ஜப்பானியர் கோப்பை கழுவினார். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருப்பார். வேலை தொடங்குமுன் சுவரில் ஒட்டிய மலைப் படத்துக்கு இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மறுபடி குனிவார்.

"மலையில என்ன சாமி இருக்கு?" என்று கேட்டேன்.

"மலைதான் சாமி. அடிவாரக் கோயிலில் சிலைகூட இல்லை."

நான் விடவில்லை. எங்கள் முருகனும் மலைக்காரன்தான் என்று உடைந்த ஆங்கிலத்தில் அரைமணி நேரம் விளக்கினேன்.

"நீங்கள் எத்தனை மலை ஏறியிருக்கிறீர்கள்?" என்றார்.

யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "ஞாயிறு வாங்கோ, காட்டுறன்" என்றேன்.

வடக்கு லண்டனில் ஒரு மேட்டின்மேல் முருகன் கோயில் இருந்தது. ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும் என்பதால் பஸ்ஸில் போனேன். நடந்து வருவதாகச் சொன்னவரோ பூசை முடிந்தும் வரவில்லை. பதறி இறங்கினேன். ஏற்றம் தொடங்கும் இடத்தில் கைகூப்பி நின்றார்.

"மேல வரேல்லையோ?"

"கும்பிட்டுவிட்டேன். இங்கிருந்துதானே முழு மலையும் தெரிகிறது."

நானும் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தேன். ஒரு பப்பும் இரண்டு கடைகளும்தான் தெரிந்தன.